அஞ்சாவது வருச மெடல்

அந்தச் சீட்டுல துண்டு கெடந்துச்சே, கண்ணு தெரியலீங்களா தம்பி? ஆளுக்குப் போட்டு வெச்சது. இருங்க இருங்க, எந்திரிக்காதீங்க. உக்காந்தது உக்காந்துட்டீங்க. அவ ஒண்ணும் வரப்போறதில்ல. கோபியில பஸ்ஸ எடுக்கற வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டிருந்தேன். கண்டக்டர் ரெண்டு தடவை கேட்டான், "ஆளு வருதுங்களாண்ணா, வருதுங்களாண்ணா"ன்னு. வருதுடா, உனக்கு என்னடா அவசரம்னு ஒரு சத்தம் போட்டேன். இப்பப் பாருங்க, ஆளக் காணோம். கத்துனதுதான் மிச்சம்.

எம்பட பொண்டாட்டியத்தானுங்க சொல்றேன். வசந்தாமணின்னு பேரு. பேருலதான் வசந்தம்.

நீங்க ஈரோடுதானுங்களே? நல்லதாப் போச்சு. ஒரு மணி நேரம் ஆகும், பேசீட்டே போலாம். போனை உள்ள வைங்க தம்பி, அது எங்கீங்க ஓடிப்போயிருது? மனுசன் பேசறப்ப மனுசனைப் பாக்கோணும்.

எம்பேரு சென்னியப்பன். மோட்டார் காயில் கட்டறவன். கெணத்து மோட்டார், போர் மோட்டார், எது பொகைஞ்சாலும் எங்கிட்டத்தான் தூக்கீட்டு வருவாங்க. இன்னைக்குக் கடை லீவு. இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு. என்ன சிரிக்கறீங்க? தலை நரைச்சவனுக்குப் பொறந்தநாளான்னா? ஆத்தா பெத்த பொறந்தநாளு இல்லீங்க. குடிய விட்ட நாளு. இன்னையோட அஞ்சு வருசம். அஞ்சு வருசமா ஒரு சொட்டு இல்ல. காது குத்து, கெடா வெட்டு, சாவு வீடு, எதுலயும் இல்ல. நம்பிக்கை இல்லைன்னா முகத்தைக் கிட்டக் கொண்டாங்க, ஊதறேன்.

வேண்டாமா? சரி.

அந்த முன் சீட்டு ஆளைப் பாருங்க. கம்பியில தலையை முட்டீட்டு முட்டீட்டுத் தூங்கறான் பாருங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு. அவனைப் பாத்தா உங்களுக்குப் பாவமா இருக்கும். எனக்கு எட்டி ஒரு மிதி மிதிக்கலாம்னு இருக்குது. நீங்க குடிப்பீங்களா? எப்பவாச்சுமா? எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறது. முழிக்காதீங்க, சொன்னேன். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்.

ஈரோட்டுல குடிய விட்டவங்க நாங்க ஒரு அறுவது பேரு இருக்கறம். ஒரு ஸ்கூல் ரூம்புல ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு மீட்டிங். ஒவ்வொருத்தனா எந்திரிச்சு அவனவன் கதையைச் சொல்லோணும். ஒளிவு மறைவு இருக்கப்படாது. அதுதான் மருந்து. யாருக்கு வருசம் முடியுதோ அன்னைக்கு அவனுக்குக் கேக்கு வெட்டி, ஒரு மெடல் குடுப்பாங்க. அந்த மெடலை நம்ம ஊட்டாளுக கையாலதான் வாங்கோணும். அதுதான் அங்க பழக்கம். பொண்டாட்டி, ஆத்தா, அண்ணன் தம்பி, யாராச்சும் வந்து கையில குடுத்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க. கேக்கற நமக்குக் கண்ணுல தண்ணி வந்துரும்.

எனக்கு மொத வருசம் அவதான் வந்து குடுத்தா. அதுக்கப்பறம் மூணு வருசமும் குப்புராஜ் அண்ணன்தான் குடுத்தாரு. எனக்கு முன்னாடி விட்டவரு, என்னைக் கையப் புடிச்சுக் கூட்டீட்டுப் போனவரு. நல்ல மனுசன். ஆனா நீங்களே சொல்லுங்க, பொண்டாட்டி உசுரோட இருக்கறப்ப அடுத்தவன் கையால வாங்கறது ஒரு மெடலா? எல்லாரும் எம்மூஞ்சியைத்தான் பாப்பாங்க. ஊட்டுல என்னமோ சரியில்ல போலன்னு. அஞ்சு வருசம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தவன் நானு. கௌரவம் குடுக்கறதுக்கு அவளுக்குக் கை வரல.

ஏன் வரலைங்கறீங்களா? சொல்றேன். கேட்டுட்டு நாயத்தைச் சொல்லுங்க.

எங்களுக்கு ஒரே புள்ள, கௌசல்யா. ஐதராபாத்துல நர்சா இருக்குது. அது பிளஸ் டூ எழுதுனப்ப நான் முழுக் குடி. ஊடுன்னு பாத்தா ஒரே ரூம்புதான். புள்ள அதுலதான் படிக்கோணும். நான் பொழுதோட போனா வர்றப்ப சண்டையோடதான் வருவேன். புஸ்தகத்தைத் தூக்கி வாசல்ல எறிஞ்சிருக்கறேன். பொய் சொல்ல மாட்டனுங்க, அதெல்லாம் விட்டாச்சு. அப்ப இவ என்ன பண்ணுனான்னா, பரீட்சை மாசம் பூரா, பஸ் ஏறி வேற ஊர் ஒயின்சாப்புக்குப் போவா. உள்ளூர்ல போனாத் தெரிஞ்சவங்க பாத்துருவாங்கல்ல. அங்க போயி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கிட்டு, ஆம்பளைகளோட ஆம்பளையா க்யூவுல நின்னு, ஒரு கோட்டர் வாங்கீட்டு வந்து, மூணு மணிக்கெல்லாம் டம்ளர்ல ஊத்தி எங்கையில குடுத்துருவா. குடுத்தான்னா நான் எதுக்கு வெளிய போறேன்? புள்ள அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூடம் முடிச்சு வர்றப்ப நான் அடிச்சுப் போட்டாப்புல தூங்கீட்டிருப்பேன். சண்டை இல்ல, சத்தம் இல்ல. ஒரு மாசம் இப்படி ஓட்டிப்புட்டா.

எப்படி? எவளாச்சும் செய்வாளா?

எம்பட கதையிலேயே இதுதானுங்க நம்பர் ஒண்ணு. மத்தவனெல்லாம் சாக்கடையில விழுந்தேன், வண்டியை வித்தேன், தாலியை அடகு வெச்சேம்பான். எல்லாருகிட்டயும் இருக்கறதுதான அது? கேக்கறவன் கொட்டாவி விடுவான். நான் எந்திரிச்சு, இந்தத் துண்டை எடுத்து இப்படித் தலையில போட்டுக்கிட்டு, அவ க்யூவுல நின்ன மாதிரி நின்னு காட்டுவேன். பின்னால நிக்கறவன், "அக்கா, பீரா பிராந்தியா"ன்னு கேட்ட மாதிரிப் பேசுவேன். ரூம்பே சிரிக்கும். அப்பறம் டக்குனு கொரலைக் கொறைச்சு, "என்னால அவ அங்க நின்னா"ம்பேன். மூக்கை உறிஞ்சற சத்தந்தான் கேக்கும். புதுசா வர்றவங்களுக்கு எங்கதையைத்தான் மொதல்ல போட்டுக் காட்டறது. பவானியில இருந்து கூப்புடறாங்க, சத்தியில இருந்து கூப்புடறாங்க. எத்தனை பேரு அந்தக் கதையைக் கேட்டு விட்டிருக்கறாங்க தெரியுங்களா?

மொத வருசம் அவ மெடலோட மேல நிக்கறப்பத்தான் அதை நான் மொத மொதல்ல சொன்னேன். அவளை வெச்சுக்கிட்டே. பெருமையாத்தானுங்க சொன்னேன். எல்லாரும் கையத் தட்டுனாங்க. இவ மெடலைக் கையில புடிச்சுட்டு மரமாட்ட நின்னா. பேசச் சொன்னா பேசல. எங்கையில வெச்சுட்டு எறங்கிப் போயிட்டா. வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல ஒரு வார்த்தை இல்ல. நான் நெனச்சேன், சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு.

அதுக்கப்பறம்தான் வர மாட்டேன்னு ஆரம்பிச்சா. பொறவு ரெண்டு வருசம் முன்னால இன்னொண்ணு நடந்துச்சு. எங்க வீதி முக்குல ஒரு ஒயின்சாப் வந்துச்சு. பொம்பளைகெல்லாம் சேந்து எடுக்கோணும்னு கெளம்புனாங்க. முன்னால நின்னது யாருன்றீங்க? இவதான். ஊடு ஊடாப் போயி கையெழுத்து வாங்குனா. மனு எழுதுனா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு, இவளுக்கு இத்தனை வாய் இருக்குதான்னு. கடை முன்னால போயி உக்காந்தாங்க. அங்க பார் நடத்தறவன் ஒருத்தன் வந்து நின்னு, அத்தனை பேரு முன்னால சொல்லிப்போட்டான்: "இந்தம்மா க்யூவுல நின்னு வாங்குனவங்கதான? அவிய ஊட்டுக்காரரே மேடை போட்டுச் சொல்றாரு, எங்களுக்குத் தெரியாதா?" அவ்வளவுதான். பொம்பளைக ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்களாம். இவ எந்திரிச்சு நேரா ஊட்டுக்கு வந்துட்டா. ஒரு மாசம் கடை கண்ணிக்குக்கூடப் போகல. அந்த ஒயின்சாப் இன்னைக்கும் அங்கயேதான் இருக்குது. பொம்பளைக ஆரம்பிச்சா அப்படித்தான் பாதியில விட்டுருவாங்க. ஒரு உறுதி வேண்டாமா?

என்னைப் பாக்கறீங்க. நானா சொன்னேன் அவன்கிட்ட? "இங்க பேசறது இங்கயே இருக்கட்டும்"னு எங்க ரூம்புல போர்டே எழுதி வெச்சிருக்கறோம். எவனோ வெளிய சொல்லிப்போட்டான். நான் வெளியாளுக யாருகிட்டயும் சொல்றதில்லீங்க. ஏதோ உங்களைப் பாத்தா நல்ல மாதிரியாத் தெரியுது, சொல்றேன்.

அன்னைக்கே அவகிட்டச் சொன்னேன். "நடந்ததுதான? தலையை நிமுத்தி நட. நான் நடக்கறன்ல?"ன்னு. எவ்வளவு நல்ல வார்த்தை பாருங்க. அதுக்கு என்னைப் பாத்தா ஒரு பார்வை. எங்க மீட்டிங்குல ஒரு டாக்டர் வந்து பேசுனாரு. குடிக்கறவனுக்கு ஊத்திக் குடுத்துத் துணை போறவங்களும் ஒரு வகையில நோயாளிகதான்னு சொன்னாரு. அதையும் வந்து சொன்னேன். "நீயும் நோயாளிதான் வசந்தா, எம்பட நோயில உனக்கும் பங்கு இருக்குது, நான் தேறீட்டேன், நீதான் இன்னும் தேறல"ன்னேன். அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். நாலு நாளைக்குச் சோத்து வட்டலை டொப்புனு வெச்சுட்டுப் போனா. சோறு வாங்கித் திங்கறதா, சத்தத்தை வாங்கித் திங்கறதா?

நான் என்ன கொறை வெச்சேன் இப்ப? வேலைக்குப் போறேன். வெடியால எந்திரிச்சு நடக்கறேன். மீட்டிங் போறேன். புதுசா வர்றவனுக்கு எந்நேரமும் போன் எடுத்துப் பேசறேன். ஊருல நாலு பேரு கும்புடறாங்க. என்னால ஏழு குடும்பம் நல்லா இருக்குது. எங்கூட்டுல மட்டும் ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்கறா. குடிக்கறப்பவாச்சும் திட்டுவா. இப்ப அதுவும் இல்ல.

இந்த வருசம் புள்ள லீவு போட்டு வருது. மொத தடவை. ஐதராபாத்துல இருந்து ரயிலேறி நேரா ஈரோட்டுல எறங்கி அங்கயே வந்துர்றேன்னு சொல்லுச்சு. "அம்மா நீங்களும் வாங்க, நீங்கதான் மெடல் குடுக்கோணும்"னு அவகிட்டயும் சொல்லியிருக்குது. புள்ள சொன்னதும் இவ ஒத்துக்கிட்டா. நேத்தே சீலையைத் தேச்சு வெச்சுட்டா. வெடியால தலைக்கு ஊத்திப் பூ வெச்சுட்டு நின்னா. எத்தனை வருசமாச்சுங்க அவளை அப்படிப் பாத்து! எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.

கெளம்பற நேரத்துல வந்து கேக்கறா. "ஏனுங்க, இன்னைக்கு அந்தக் கடைச் சமாச்சாரத்தை மட்டும் சொல்லாதீங்க. கௌசி வர்றா. அவளுக்கு அது வேற மாதிரித்தான் தெரியும்"னா.

உண்மையில என்னடி வேற மாதிரின்னேன். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அஞ்சு வருசமா உண்மையைச் சொல்லிச் சொல்லி உசுரு பொழைச்சவன் நானு. எங்கிட்ட வந்து மறைக்கச் சொல்றா. நாங்க மீட்டிங்குல படிக்கறதே அதுதான், ஒண்ணை மறைச்சா அது உன்னைக் கடைக்கு இழுத்துட்டுப் போகும்னு. அதையே சொன்னேன். "நான் மறுபடியும் குடிக்கோணுமா? அதான வேணும் உனக்கு? சொல்லு, இப்பவே போறேன்"னு வாசல்ல நின்னு கேட்டேன். அக்கம் பக்கத்துல நாலு பேரு எட்டிப் பாத்தாங்க. பாக்கட்டும், நமக்கென்ன ஒளிவு மறைவு?

அவ ஒண்ணும் கத்தல. தலையில இருந்த பூவை எடுத்து சாமி படத்துக்கு வெச்சா. வெச்சுட்டுச் சொல்றா: "குடிச்சுட்டுப் பேசுனதெல்லாம் வெடிஞ்சா உங்களுக்கும் மறந்துரும், ஊருக்கும் மறந்துரும். இப்பப் பேசறதுதான் மறக்க மாட்டேங்குது. நீங்களே போயிட்டு வாங்க"ன்னா.

இதென்ன பேச்சுங்க? குடிச்சதே தேவலைங்கற மாதிரி இருக்குதா இல்லையா? எவனாச்சும் கேட்டா என்ன நெனைப்பான்? நானும் சரி போடின்னு வந்துட்டேன். ஆனாலும் துண்டைப் போட்டு வெச்சேன் பாருங்க. அதுதான் எம்பட மனசு.

இருங்க, போன் அடிக்குது. புள்ளதான்.

சொல்லு சாமி. எறங்கீட்டியா?... கவுந்தப்பாடி தாண்டியாச்சு கண்ணு... ஸ்கூலுக்கே போயிட்டியா? குப்புராஜ் மாமன்னு ஒருத்தர் இருப்பாரு, அவருகிட்டச் சொல்லு... அம்மாவா? அம்மாவுக்கு... தலைவலி. வரல... நீ குடுக்கறயா? நீ குடுத்தா எனக்கு இன்னும் சந்தோசம்தான் சாமி... பேசோணும், ஆமா, ரெண்டு வார்த்தை பேசுவாங்க... எதைப் பத்தி?

...

எந்த மாசம் கண்ணு?

...

ம்... ம்... சரி கண்ணு. வந்துர்றேன். சரி. வைக்கறேன்.

...

ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமில்ல. கொஞ்சம் அந்தக் கண்ணாடியைத் தள்ளுங்க, காத்து வரட்டும்.

இல்ல, என்ன சொல்லுதுன்னா... மெடலை அது குடுக்குமாமா. பேசறதுக்கு எழுதியே வெச்சிருக்குதாமா. "அப்பா, பிளஸ் டூ பரீட்சை மாசம் எனக்காக ஒரு மாசம் குடிக்காம இருந்தீங்களே, அதைத்தான் பேசப்போறேன்"ங்குது. டாக்டர் குடுத்த மாத்திரையைப் போட்டுக்கிட்டு அப்பன் தூங்கறாரு, உனக்காகத்தான் விட்டிருக்கறாருன்னு அவ ஆத்தா சொன்னாளாமா. ஊடு பூரா சாம்பிராணிப் பொகை போட்டு வெச்சிருப்பாளாமா, அந்த வாசம் வந்தா இன்னைக்கும் அந்த மாசந்தான் ஞாபகம் வருதாமா. அந்தப் பொகை எதுக்குன்னு எனக்கே இப்பத்தானுங்க தெரியுது. "நான் படிச்சதே உங்களை அப்படிப் பாத்துத்தாம்ப்பா. அப்பவே உங்களால முடிஞ்சுதுன்னா, என்னைக்காச்சும் ஒருநாள் முழுசா விட்டுருவீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா"ங்குது. அங்க ஆஸ்பத்திரியில குடிகாரங்க வந்து படுத்தாக்கூட அதைத்தான் சொல்லுமாமா. எங்கப்பா ஒரு மாசம் எனக்காக இருந்தாருன்னு.

எட்டு வருசமாத் தம்பி. எட்டு வருசமா அந்தப் புள்ள அப்படியே நெனச்சுட்டு இருந்திருக்குது.

இருங்க, ஊட்டுக்குப் போடறேன்.

வசந்தா... நாந்தான். நீயா கௌசிகிட்ட... மாத்திரை கீத்திரைன்னு... ஏன் எங்கிட்டச் சொல்லல?... வெடியால நீ எங்கடி சொன்ன, வேற மாதிரின்னுதான சொன்ன... நான் கேக்கலைன்னா நீ சொல்லக் கூடாதா?... வசந்தா... ஏ புள்ள...

வெச்சுட்டா. "அப்பனுக்குன்னு ஒரு நல்லதாச்சும் அவகிட்ட இருக்கட்டும்னு சொன்னேன். அதுக்குத்தான் க்யூவுலயும் நின்னேன். நீங்க அதை வெச்சுத்தான் கை தட்டு வாங்குனீங்க"ன்னா. வெச்சுட்டா.

என்னை எதுக்குங்க அப்படிப் பாக்கறீங்க? எனக்குத் தெரியுமா? எவன் சொன்னான் எங்கிட்ட? நான் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான. இன்னைக்கு அதைச் சொல்லல. வேற சொல்றேன். சாக்கடையில விழுந்ததைச் சொல்றேன், வண்டி வித்ததைச் சொல்றேன். புள்ள பேசறதைப் பேசட்டும், நான் பக்கத்துல நின்னுட்டு...

ஐயோ தம்பி.

அறுவது பேரும் உக்காந்திருப்பாங்களே. அத்தனை பேருக்கும் தெரியுமே. நான் துண்டைத் தலையில போட்டு ஆடிக் காட்டுனதைப் பாத்து நாலு வருசமாச் சிரிச்சவங்களாச்சே. புள்ள மைக்கைப் புடிச்சு, எங்கப்பா ஒரு மாசம் குடிக்காம இருந்தாருன்னு சொன்னா... எவனாச்சும் ஒருத்தன் சிரிச்சாப் போதுமே. சிரிக்காட்டியும், அத்தனை பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாப்பாங்களே. அது என்னன்னு கேக்குமே. எனக்குப் பயமா இருக்குதுங்க. குடியை விட்ட மொத வாரத்துல கை காலெல்லாம் நடுங்கிச்சு, அப்பக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல.

குப்புராஜ் அண்ணனுக்குப் போடறேன். அவரு சொன்னா எல்லாரும் கேப்பாங்க. எல்லாருகிட்டயும் சொல்லி வைங்கண்ணா, வாயத் தொறக்க வேண்டாம்னு... அடிக்குது. எடுங்கண்ணா... எடுங்க...

அண்ணா, நாந்தான். ஒரு விசயம்... இல்லண்ணா, நீங்க மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க... புதுப் பசங்களா? நாலு பேரா?... அண்ணா, அந்தக் கதை இன்னைக்கு வேண்டாண்ணா... என்னது? கௌசிகிட்டயா?... யாரு சொன்னது?... நீங்களா சொன்னீங்க?... எதுவரைக்கும் சொன்னீங்க?

...

என்ன சொல்லுச்சு?

...

சரிங்கண்ணா. இல்லைங்கண்ணா, உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. வைங்க.

தம்பி, காலை ஒதுக்குங்க. நான் எறங்கோணும். ஸ்டாண்டு வரலைன்னு எனக்கும் தெரியும், சித்தோடுதான் இது. இந்த பஸ்ஸு நின்னு நின்னு போயிச் சேர்றதுக்குள்ள... ஒரு ஆட்டோவைப் புடிச்சுட்டு முன்னால போறேன். உங்கம்மா க்யூவுல நின்ன கதையை உங்கப்பன் சூப்பராச் சொல்லுவாரும்மா, நீ கேட்டதே இல்லையான்னு குப்புராஜ் அண்ணன் கேட்டாராமா. கேட்டதில்லைங்க மாமா, நீங்க சொல்லுங்கன்னுச்சாமா. சொல்லீட்டாராமா, முழுசா. சிரிக்கலையாமா, அழுகலையாமா. எழுதி வெச்சிருந்த காயிதத்தை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டு, எங்கப்பா எப்ப வருவாருன்னு மட்டும் கேட்டுட்டு வெளிய போயிருச்சாமா.

கண்டக்டர், நிறுத்துப்பா! நிறுத்து! வழி விடுங்க தம்பி. ஸ்கூல் கேட்டு வாசல்லயே நிக்குதாமா.